எச்சரிக்கை வந்தது, ஆள் வரவில்லை | பாம்பனிலிருந்து

வணக்கம் மக்களே. பாம்பனில் இருந்து பேசுகிறேன். காற்று பலமாக இருக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தில் இருக்கும் இலங்கை அகதிகள் முகாமைப் பற்றி முன்பு ஒரு வீடியோவில் பேசியபோது, "ஒரு இனத்தையே குறிவைக்கும் இந்த மாதிரி இனப்படுகொலைகளை முன்கூட்டியே தடுக்க உலகத்தில் ஆளே இல்லையா?" என்று நிறையப் பேர் கேட்டீர்கள். அதற்குத்தான் இந்த வீடியோ.

ஆள் இருந்தார்கள். எச்சரிக்கையும் வந்தது. 1994 ஜனவரி 11 அன்று, ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் இருந்த ஐ.நா. படையின் தளபதி, கனடாக்காரர் ரோமியோ டலேர், நியூயார்க் தலைமையகத்துக்கு அவசரச் செய்தி அனுப்புகிறார். கொலைக்குத் தயாராகும் கும்பலின் உள்ளே இருந்த ஒருவர் அவருக்குத் தகவல் கொடுத்திருந்தார். ஆயுதங்களைப் பதுக்கி வைத்திருக்கிறார்கள், தலைநகர் கிகாலியில் இருக்கும் துட்சி இன மக்களைக் கணக்கெடுக்க உத்தரவு, 20 நிமிடத்தில் 1,000 பேரைக் கொன்றுவிட முடியும். அந்த ஆயுதங்களைப் பறிமுதல் செய்யப்போகிறேன் என்றார் டலேர். வேண்டாம், அதற்கு உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது. ஏப்ரலில் தொடங்கி சுமார் 100 நாளில் 8 லட்சம் பேர் செத்தார்கள். அதன் நடுவிலேயே, ஏப்ரல் 21 அன்று, ஐ.நா. பாதுகாப்பு சபை அங்கிருந்த படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. இதை எத்தனை தடவை படித்தாலும் எனக்கு ஆறவில்லை.

கணக்கெடுப்பு என்றதும் முகாமில் ஒரு அம்மா சொன்னதுதான் நினைவுக்கு வருகிறது. 1983 ஜூலையில் கொழும்பில் அவர்கள் இருந்த தெருவுக்குள் கும்பல் வாக்காளர் பட்டியலோடு வந்ததாம். பக்கத்து வீட்டைத் தொடவில்லை. "எங்கட வீட்டு இலக்கத்தப் பாத்துத்தான் தம்பி வந்தவங்கள்" என்றார். ருவாண்டாவிலோ அடையாள அட்டையிலேயே இனம் எழுதியிருந்தது. இப்படி ஆள் ஆளாகப் பிரித்து எழுத ஆரம்பிப்பதும், ஒரு கூட்டத்தை மனிதர்களே இல்லை என்று வானொலியில் பேச ஆரம்பிப்பதும்தான் முன்னறிகுறிகள். ருவாண்டா வானொலி துட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்றே சொன்னது.

சரி, அதற்கப்புறம் என்ன செய்தார்கள்? 2004-ல் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னான், இனப்படுகொலைத் தடுப்புக்கென்றே ஒரு சிறப்பு ஆலோசகரை நியமித்தார். முதலில் வந்தவர் அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் மென்டஸ். 2014-ல், ஆபத்து எவ்வளவு என்று பார்க்க, 14 ஆபத்துக் காரணிகள் கொண்ட ஆய்வுச் சட்டகமும் வந்தது. நல்ல வேலைதான், குறை சொல்லமாட்டேன். 2008-ல் கென்யாவில் தேர்தல் கலவரம் 1,000 பேருக்கு மேல் பலிகொண்டபோது, அன்னானே நேரில் போய் உட்கார்ந்து பேசி இரண்டு தரப்பையும் ஒப்பந்தத்துக்குக் கொண்டுவந்தார்.

ஆனால் அதே 2008 செப்டம்பரில், நமக்கு அந்தப் பக்கம் கிளிநொச்சியில், போகாதீர்கள் என்று ஜனங்கள் வாசலில் நின்று கெஞ்சியும் ஐ.நா. ஊழியர்கள் வெளியேறினார்கள். போரின் கடைசி மாதங்களில் ஐ.நா.வே உயிரிழப்பைக் கணக்கெடுத்தது, ஆனால் அதை முழுசாக வெளியே சொல்லவில்லை. 2012-ல் சார்லஸ் பெட்ரி தலைமையிலான ஐ.நா.வின் உள்விசாரணைக் குழுவே இதை எழுதி வைத்திருக்கிறது.

இந்தத் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மீன்வளத்துறை கடலுக்குப் போக டோக்கன் தராது, விசைப்படகு கிளம்பாது. நாட்டுப்படகுக்காரர்கள் படகைக் கரையில் இழுத்துப் போட்டு இன்ஜினைக் கழற்றி வைத்துவிடுவார்கள். கூண்டு ஏறிய பிறகு யாரும் ஓட்டெடுப்பு நடத்துவதில்லை. ஐ.நா.வில் அப்படி இல்லை. எச்சரிக்கை ஏறிய பிறகுதான் பேச்சே ஆரம்பமாகும், பாதுகாப்பு சபையின் ஐந்து நிரந்தர உறுப்பு நாடுகளில் ஒன்று வீட்டோ போட்டால் அதுவும் நின்றுவிடும்.

ஆனால் சர்வதேசச் சட்டம் பாதுகாப்பு சபைக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. பெரிய ஆபத்து இருப்பது தெரியவந்த அந்த நிமிடமே தடுக்கும் கடமை தொடங்கிவிடுகிறது என்று, போஸ்னியாவில் நடந்த ஸ்ரெப்ரெனிகா படுகொலை பற்றிய வழக்கில் 2007-ல் சர்வதேச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மியான்மருக்கு எங்கோ தூரத்தில் இருக்கும் குட்டி ஆப்பிரிக்க நாடு காம்பியா, அங்கே துரத்தப்பட்ட ரோஹிங்கியா மக்களுக்காக அதே நீதிமன்றத்தில் 2019-ல் வழக்குப் போட்டு, 2020 ஜனவரியில் இடைக்கால உத்தரவும் வாங்கியது.

இந்தியாவும் 1959-லேயே இனப்படுகொலை ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட நாடுதான். ஆனால் அதைத் தனிக் குற்றமாகச் சொல்லும் சட்டம் நம்மிடம் இன்றும் இல்லை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிதாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இல்லை. அடுத்த தடவை உங்கள் எம்.பி. ஊருக்கு வரும்போது, இந்தச் சட்டம் ஏன் இல்லை என்று கேளுங்கள். என்ன பதில் சொன்னார் என்று எனக்கு அனுப்புங்கள், அதை வைத்து அடுத்த வீடியோ போடுகிறேன்.