முதுகுல ஊசி தானேன்னு கேட்ட பாலக்கோடு தம்பிக்கு

வணக்கம்ங்க. பாலக்கோட்டுல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு, அம்மாவுக்கு கர்ப்பப்பை எடுக்கற ஆபரேஷன், 12 வருசமா சுகர், "முழு மயக்கம் இல்லீங்களே சார், முதுகுல ஊசி தானே, சுகர் இருந்தா என்ன?"ன்னு. அந்த 'தானே' இருக்குது பாருங்க, ரெண்டு நாளா என்னைய விடல.

மூச்சுக்குழாய்க்குள்ள டியூப் போட வேண்டாம், அது நல்லது தான். ஆனா ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல இடுப்புக்கு கீழ ரத்தக்குழாய் எல்லாம் விரிஞ்சுக்கும், பிரஷர் எறங்கும். நல்ல ஒடம்புன்னா இதயம் வேகமா அடிச்சு, மேல இருக்கற குழாய் சுருங்கி சமாளிச்சுக்கும். பல வருச சுகர்ல அந்த சமாளிக்கிற நரம்பே கெட்டுப்போயிருக்கலாம், படுத்து எந்திரிச்சா தலை சுத்துதும்பாங்களே, அதே சமாச்சாரம் தான். அப்ப பிரஷர் பொத்துன்னு விழும். அம்மாவுக்கு அப்படி சுத்துதான்னு கேட்டு மயக்க டாக்டர்கிட்ட சொல்லுங்க தம்பி.

நான் திரும்பத் திரும்ப சொல்றது தான், பழைய வீடியோ பாத்தவங்க சிரிப்பீங்க. ஊசி மரத்துப்போக தான் வைக்கும், ஒடம்பை மாத்தாது. வெட்டுன எடம் ஆறுறது அதே சுகர் ரத்தத்துல தான். சுகர் 180க்கு மேலயே நின்னா வெள்ளையணு சோம்பேறி ஆயிரும், புண்ணு சீழ் வைக்க வாய்ப்பு கூடும். ஒடம்பு கனமா இருந்தா முதுகெலும்பு கைக்கே அம்படாது, ரெண்டு மூணு தடவை குத்த வேண்டி வரும்.

எங்க பெரியப்பா கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்பு காவல்காரரு, சீசன்ல குடலிறக்கத்துக்கு தேதி வாங்கிட்டாரு, காலைல பாத்தா சுகர் 310, திருப்பி அனுப்பிட்டாங்க. "நான் களி தான்டா திங்கறேன்"னு ஒரே கோவம். களி நல்லது தான், ரெண்டு பெரிய உருண்டை முழுங்குனா அதுவும் மாவு தானுங்களே, மாம்பழத்தை வேற கணக்குலயே சேக்கல. ஒரு நாள் பட்டினி கெடந்து சுகரை கொறைச்சு காட்டலாம், எச்பிஏ1சின்னு ஒரு ரத்த டெஸ்ட் இருக்குது, அது ரெண்டு மூணு மாச சுகர் கதையை சொல்லிரும்.

நீங்க கேட்டிருக்க வேண்டியது, தேதிக்கு முன்னாடி என்ன பண்ணணும்னு. அம்மாவோட சுகர் மாத்திரை பட்டையில டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்னு பேரு இருக்குதான்னு பாருங்க. அதை வழக்கமா 3 நாள் முன்னாடியே நிறுத்த சொல்லுவாங்க, இல்லைன்னா வெறும் வயித்தோட இருக்கும்போது சுகர் நார்மலா காட்டிக்கிட்டே ரத்தத்துல அமிலம் ஏறலாம். நீங்களா நிறுத்திராதீங்க. பட்டையை எனக்கு போட்டோ அனுப்பாம, பையோட மயக்க டாக்டர் முன்னாடி கொட்டுங்க.