செட்டிநாட்டுப் பின்கட்டுல நிக்கிற பழைய கார்கள்: தேடிப் போறது எப்படி?

[காட்சி: கானாடுகாத்தான் தெரு. நீண்ட மதில், மூடிக் கிடக்கிற பெரிய கதவு.]

வணக்கம். செட்டிநாட்டுக்கு வர்றவங்க பெரும்பாலும் முகப்பை மட்டும்தான் பார்க்குறாங்க. பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், மேல நிக்கிற சுதைச் சிற்பம் எல்லாத்தையும் படம் எடுத்துட்டுக் கிளம்பிடுறாங்க. ஆனா இங்க பெரிய வீடுன்னா ஒரு தெருவுல ஆரம்பிச்சு அடுத்த தெருவுலதான் முடியும். பழைய கார் ஏதாவது மிச்சம் இருந்தா, பெரும்பாலும் அந்த அடுத்த தெருவுல, பின்வாசலை ஒட்டின கார் ஷெட்டுல இருக்கும்.

முதல்ல, இந்தச் சின்ன ஊர்களுக்குக் கார் எப்படி வந்துச்சு? இந்த ஊர்களோட வணிகச் சமூகமான நகரத்தார் பர்மா, இலங்கை, மலேயா, சைகோன்னு கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் பண்ணப் போனவங்க. அந்தப் பணம்தான் ஊர்ல வீடா எழுந்துச்சு. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டின்னு அவங்க குலப் பிரிவுகளுக்கான ஒன்பது நகரக் கோயிலும் வேற வேற ஊர்ல இருக்கு. கல்யாணம், காரியம்னு ஊர் விட்டு ஊர் போய்க்கிட்டே இருக்கணும். வசதி இருந்த வீடுகள்ல மாட்டு வண்டிக்குப் பக்கத்துல ஆஸ்டினும் மோரிஸும் ஃபோர்டும் வந்து நின்னுச்சு. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லயே பம்பாயில பாகங்களைச் சேர்த்துக் கார் செய்ய ஆரம்பிச்சுட்டதால செவர்லேயும் பரவுச்சு.

அப்புறம் எல்லாமே மாறிடுச்சு. 1942-ல ஜப்பான்காரங்க பர்மாவைப் பிடிச்சாங்க. யுத்த காலத்துல பெட்ரோலுக்கு ரேஷன். அடுப்புக்கரியில இருந்து வர்ற கேஸ்ல வண்டி ஓட்டினாங்க, மதுரை டிவிஎஸ் அதுக்கான கருவியைச் செஞ்சு கொடுத்துச்சு. 1960-கள்ல பர்மா அரசு தொழில்களையும் வங்கிகளையும் தேசியமயம் ஆக்குச்சு. நடுவுல, 1950-கள்ல, ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் இந்தியாவை விட்டே போயிட்டாங்க. வெளிநாட்டுக் கார் வர்றது சுருங்கி, அம்பாஸிடர், ஃபியட், வண்டலூர்ல செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டுன்னு காலம் மாறுச்சு. பழைய கார் ஷெட்டுக்குள்ள போய்க் கட்டையில ஏறிடுச்சு.

[காட்சி: வளவு, அதாவது வீட்டு உள்முற்றப் பகுதி. சுத்தி வர அறைக் கதவுகள், ஒவ்வொண்ணுலயும் தனித்தனிப் பூட்டு.]

ஏன் வித்துடலை? இதைப் புரிஞ்சுக்கிட்டாத்தான் தேடவே முடியும். இந்தப் பூட்டுகளைப் பாருங்க. வளவைச் சுத்தி இருக்கிற அறைகள் ஒவ்வொரு பங்காளிக்கும் தனித்தனி. முகப்பும் முற்றமும் எல்லாருக்கும் பொது. தாத்தா வாங்கின காரும் அப்படியே பொதுவாயிடுச்சு. விக்கணும்னா எல்லாப் பங்காளியும் ஒத்துக்கணும். ஒருத்தர் சென்னையில, ஒருத்தர் சிங்கப்பூர்ல, இன்னொருத்தரோட பிள்ளைகள் அமெரிக்காவுல. கையெழுத்து ஒண்ணு சேராது, கார் அங்கேயே நிக்கும். அதே காரணத்தாலதான் ரிப்பேரும் நடக்காது. செலவை யார் பங்குல எழுதுறது? பங்குதான் இந்தக் கார்களைக் காப்பாத்துச்சு, பங்குதான் துருப்பிடிக்கவும் விட்டுச்சு. இதை நினைச்சு வருத்தப்படுறதா சந்தோஷப்படுறதான்னு எனக்கு இன்னும் ரெண்டு மனசுதான்.

அதனால கதவைத் தட்டி "பழைய கார் இருக்கா?"ன்னு தயவுசெஞ்சு கேட்காதீங்க. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்க. இடிச்ச வீடுகளோட தூண், நிலை, பீங்கான், எனாமல் பாத்திரம் எல்லாம் கடையில விலைக்கு நிக்குது. அப்படிப்பட்ட ஊர்ல பழசைப் பத்திக் கேட்கிறவர் யாரா இருந்தாலும் வியாபாரியாத்தான் தெரிவார்.

காரைக் கேட்காம மனுஷங்களைக் கேளுங்க. "ஆச்சி, அந்தக் காலத்துல இந்த வீட்டுக் காரை யாரு ஓட்டினாங்க?" இந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்து பதில் வரும். டிரைவர் பேர் கிடைக்கும், அவர் மகன் எங்க இருக்கார்னு தெரியும். அந்த மகன் பக்கத்து ஊர்லயே டிராக்டர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கலாம். லேத் பட்டறை, டிங்கர், பேட்டரிக் கடை, சீட்டுத் தைக்கிறவர் இவங்களுக்கும் எந்த ஷெட்டுல என்ன நிக்குதுன்னு தெரியும். எல்லாருக்கும் மேல, வீட்டைப் பார்த்துக்கிறவர். சாவி அவர்கிட்டதான் இருக்கு. ஆனா சாவி அவர்கிட்ட இருக்கிறதால அனுமதியும் அவரே தரலாம்னு நினைச்சிடாதீங்க. அவரை ஒரு பங்காளிக்குப் போன் போடச் சொல்லுங்க. நீங்க நேராப் பேசுங்க. அவர் வேலைக்கு உங்களால பங்கம் வரக்கூடாது.

ஆயுத பூஜைக்குச் சில ஷெட்டுகள் திறக்கும், காருக்குச் சந்தனம் குங்குமம் வைப்பாங்க. படைப்பு (முன்னோருக்குப் படைக்கிற வழிபாடு), கல்யாணம், அறுபதாம் கல்யாணம் மாதிரியான சாந்திக்குப் பங்காளிங்க எல்லாரும் ஊருக்கு வருவாங்க. அந்த நாள்ல கேமராவைத் தூக்கிக்கிட்டுப் போகாதீங்க. அறிமுகம் பண்ணிக்கிட்டு, இன்னொரு நாளைக்கு நேரம் கேட்டுக்கோங்க.

உறவோ அறிமுகமோ இல்லாதவங்க முதல்ல கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டுல இருக்கிற ஜிடி கார் மியூசியத்துக்குப் போய்க் கண்ணைப் பழக்கிக்கலாம்.

[காட்சி: ஷெட் உள்ளே. கட்டைமேல் ஒரு கார், மேலே தூசி.]

சரி, ஷெட் திறந்தாச்சு. கை வைக்காதீங்க. தூசியைத் துணியால துடைச்சா பழைய பெயிண்ட்ல கோடு விழும். புது பேட்டரி மாட்டி "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போமே"ன்னு ஆசை வரும். அதுதான் பெரிய கேடு. வருஷக்கணக்கா நின்ன இன்ஜின்ல ஆயில் வடிஞ்சு, பிஸ்டன் ரிங் சிலிண்டரோட ஒட்டியிருக்கும். ஸ்டார்ட்டர் இழுத்தா ரிங் உடையும். தெரிஞ்ச மெக்கானிக் பிளக்கைக் கழட்டி, சிலிண்டருக்குள்ள ஆயில் விட்டு ஊற வச்சு, கையால மெதுவாத்தான் சுத்திப் பார்ப்பார்.

டார்ச் வெளிச்சத்துல பார்க்க வேண்டியது நிறைய இருக்கு. கதவுத் தூணுக்குள்ள இருந்து கை மாதிரி வெளிய நீள்ற இன்டிகேட்டர் இருக்கா? ஏறும்போது கால் வைக்கிற பலகை இருக்கா? கதவோட கீல் பின்பக்கமா? 1930-கள் வரைக்கும் பல கார்களுக்குத் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம்தான். வெளிய பார்க்க நல்லா இருக்கிற கார் உள்ளே கரையானா இருக்கலாம். பானெட்டுக்குக் கீழே இருக்கிற தகட்டுல சேஸிஸ் நம்பர் இருக்கும், அதை எழுதிக்கோங்க.

அடுத்து, ஷெட்டை விட்டு வீட்டுக்குள்ள வாங்க. காரை விட முக்கியமான ஒண்ணு பெட்டகத்துல இருக்கலாம்: ஆர்சி புக். 2021-ல மத்திய அரசு பழைய வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்துச்சு. முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் செய்யாத வண்டியை விண்டேஜ்னு பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு 5,000. புதுசாப் பதிஞ்சா நம்பர்ல 'விஏ' வரும். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய நம்பரே நீடிக்கலாம். வாடகைக்கு விட முடியாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போடுறது, ரிப்பேர் இதுக்கு மட்டும்தான் ரோட்டுக்கு எடுக்கலாம்.

அந்த புக் கிடைக்கலைன்னா பேரேட்டைத் தேடச் சொல்லுங்க. காலணாவுக்கும் கணக்கு எழுதின வீடு இது. கார் வாங்கின தொகை, டயர், டிரைவர் சம்பளம் எல்லாம் தேதியோட எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பக்கங்களைப் படம் எடுத்து, நீங்க எழுதின சேஸிஸ் நம்பரையும் சேர்த்து, ஒருத்தருக்கு மட்டும் இல்லாம எல்லாப் பங்காளிக்கும் அனுப்புங்க. யார் பேர்ல பதியுறதுங்கிற பேச்சு அவங்களுக்குள்ள அப்புறம்தான் தொடங்க முடியும்.