பிங்க் ஃப்ளாய்ட், ரெயின்போ 1972: மூணு ஃபைல்ல எதை வெச்சுக்கறது?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நண்பர் கேட்டிருக்கார்: "பிங்க் ஃப்ளாய்ட்ங்கற இங்கிலாந்து ராக் பேண்டோட 1972 பிப்ரவரி லண்டன் ரெயின்போ தியேட்டர் கச்சேரி எங்கிட்ட மூணு விதமா இருக்கு. ஒண்ணுல ஒரே இரைச்சல். இன்னொண்ணு சுத்தமா இருக்கு, ஆனா தண்ணிக்குள்ள இருந்து கேக்கற மாதிரி. மூணாவதுல சுதி ஏறியிருக்கு. எதை வெச்சுக்கறது, எதை அழிக்கறது?"

முதல்ல எதையும் அழிக்காதீங்க. பெரும்பாலும் அந்த இரைச்சலா இருக்கறதுதான் உங்ககிட்ட இருக்கறதுலேயே நல்லதா இருக்கும். ஏன்னு சொல்றேன்.

ரெயின்போல பிப்ரவரி 17லேர்ந்து 20 வரைக்கும் நாலு ராத்திரி வாசிச்சாங்க. 'டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பம் வர்றதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே அதை முழுசா மேடையில வாசிச்சிட்டிருந்த காலம். கூட்டத்துல உக்காந்து யாரோ பதிவு பண்ணின டேப், பூட்லெக் எல்பியா (அனுமதி இல்லாமப் போட்ட இசைத்தட்டா) ஆல்பத்துக்கு முன்னாடியே கடைக்கு வந்துடுச்சு. அந்த மாதிரி டேப் கேசட்லேர்ந்து கேசட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு நகல்லயும் ஹிஸ், அதாவது 'உஸ்'ஸுங்கற இரைச்சல், சேரும். அதைவிடப் பெரிய நஷ்டம் அசிமத்தால, அதாவது டேப்பைத் தொடற ஹெட்டோட கோணத்தால. பதிவு பண்ணின மெஷினோட ஹெட்டும், ஓட விடற மெஷினோட ஹெட்டும் ஒரே கோணத்துல இல்லைன்னா மேல் ஸ்தாயி போயிடும். நகல் எடுக்கும்போது போனது போனதுதான், அப்புறம் ட்ரெபிள் ஏத்தினா ஹிஸ்தான் ஏறும், சிம்பல் (டிரம்ஸோட உலோகத் தட்டு) திரும்பி வராது. அதனால ஹிஸ் இருந்தும் சிம்பல் சரியா தெறிச்சுக் கேட்டா, அது மூலத்துக்குப் பக்கத்துல இருக்கற நகல்னு அர்த்தம்.

தண்ணிக்குள்ள கேக்கற மாதிரின்னு சொன்னீங்களே, அது யாரோ இரைச்சலை வடிகட்ட மென்பொருள்ல நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டதோட அடையாளம். இந்த பேண்டுக்கு அது ரொம்பக் கெடுதல். இவங்க சத்தத்துல பாதி எக்கோதான். பின்சன் எக்கோரெக்னு ஒரு மெஷின், டேப் இல்லாம சுத்தற காந்த டிரம்ல எக்கோ கொடுக்கும். கிட்டார், ஆர்கன் எல்லாம் அது வழியாத்தான் வரும். அந்த எக்கோ மெல்ல மெல்லத் தேயற வால் பகுதி, ஹிஸ்ஸோட அளவுக்கு இறங்கும்போது மென்பொருளுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியும். வாலையும் சேர்த்து வெட்டிடும். 'டார்க் சைட்' ஆரம்பத்துல வர்ற இதயத் துடிப்பு, 'எக்கோஸ்' பாட்டு நடுவுல வர்ற காத்துச் சத்தம் எல்லாம் இப்படித்தான் பாழாகுது.

ஆனா ஒரு சந்தேகம் வரலாம். மட்டமான எம்பி3யும் இதே மாதிரி குழகுழன்னு கேக்கும். காதை நம்பாம, ஆடாசிட்டிங்கற ஒலித் திருத்த மென்பொருள்ல ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண்ல எவ்வளவு சத்தம்னு காட்டற படம்) போட்டுப் பாருங்க. பார்வையாளர் கேசட்னா மேல் அதிர்வெண் சரிவா, மெதுவாக் குறையும், அதுக்கு மேல ஹிஸ் மட்டும் பரவி இருக்கும். 16,000 ஹெர்ட்ஸ்ல சுவர் வெச்ச மாதிரி நேரா வெட்டியிருந்தா, ஃபைல் பேர் ஃப்ளாக்னு (தரம் குறையாத வடிவம்னு) இருந்தாலும் ஒரு காலத்துல அது 128 கேபிபிஎஸ் எம்பி3யா இருந்திருக்கு. 15,000ல வெட்டு இருந்தா எஃப்எம் ஒலிபரப்பா இருக்கலாம், அது தப்பில்லை. 15,500 மாதிரி ரெண்டும் கெட்டான் இடத்துல வெட்டு இருந்தா, எம்பி3யை எடுத்து யாரோ 3 சதவீதம் வேகம் குறைச்சிருக்காங்களான்னு சந்தேகப்படுங்க.

இப்போ சுதி. வேகம் 6 சதவீதம் கூடினா அரைக்கட்டை ஏறும், 3 சதவீதம்னா கால் கட்டை. கால் கட்டைன்னா பாட்டா கேக்கும்போது பலருக்குத் தெரியாது, ஆனா ஏதோ அவசரமா வாசிக்கற மாதிரி ஒரு உறுத்தல் இருக்கும். இதை அளக்க நல்ல வழி கரண்ட் ஹம், அதாவது மின்சாரத்தால கருவிகள்ல வர்ற ரீங்காரம். இங்கிலாந்துல மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் எல்லாம் போடற ஹம் 50லயும் 100லயும் வரும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல இருக்கற அமைதியான பகுதியை, ஒரு 20, 30 விநாடி, தேர்ந்தெடுத்துக்கோங்க. அதை ஒரு தனி நகலா எடுத்து 8,000 ஹெர்ட்ஸுக்கு ரீசாம்பிள் பண்ணுங்க (விநாடிக்கு எடுக்கற மாதிரிகளோட எண்ணிக்கையைக் குறைக்கறது). அப்புறம் ப்ளாட் ஸ்பெக்ட்ரம்ல சைஸ் 65,536 வைங்க. ரீசாம்பிள் எதுக்குன்னா, 44,100ல அதே சைஸ் வெச்சா ஒரு கட்டத்துக்கும் அடுத்ததுக்கும் 0.67 ஹெர்ட்ஸ் இடைவெளி, 8,000ல 0.12தான். 100 பக்கத்துல வர்ற முகடு 103ல நின்னா டேப் 3 சதவீதம் வேகமா ஓடுது.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுவாங்க. லண்டன் கச்சேரி டேப்புல சில சமயம் சரியா 60.0ல ஒரு கோடு தெரியும். அது கச்சேரி ஹம் இல்லை. பின்னாடி, மின்சாரம் 60 ஹெர்ட்ஸா இருக்கற அமெரிக்காவுல யாரோ நகல் எடுத்தப்போ, இல்ல கம்ப்யூட்டர்ல ஏத்தினப்போ, அங்கே இருந்த வயரிங்ல சேர்ந்தது. அதே மாதிரி சரியா 50.0ல ஆடாம அசையாம நிக்கற கோடும் கடைசி மெஷினோடதா இருக்கலாம். கச்சேரியில பதிவான ஹம் டேப்போட சேர்ந்து லேசா ஆடும், அதுதான் உங்களுக்கு வேணும். ஜப்பான் 1971 டேப்புகள் வெச்சிருக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை: ஹகோனே 50 ஹெர்ட்ஸ் பக்கம், ஒசாகா 60 ஹெர்ட்ஸ் பக்கம். ஒரே நாட்டுல ரெண்டு.

ஹம்மை மட்டும் நம்பி 0.1 சதவீதம் வரைக்கும் அடிச்சுப் பேச முடியாது. மின் கட்டமைப்போட (கிரிட்) அதிர்வெண்ணே கொஞ்சம் ஏறி இறங்கும், அதுவும் 1972 பிப்ரவரியில சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால இங்கிலாந்து முழுக்க மின்வெட்டு. அதனால பாட்டை வெச்சும் சரிபாருங்க. 'கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜீன்' இதுக்குன்னே செஞ்ச மாதிரி. பேஸ் கிட்டார் பாட்டு முழுக்க டி ஸ்வரத்துலயும் அதோட மேல் ஸ்தாயியிலயும் மாறி மாறி நிக்கும். கீழ் டி 73.4 ஹெர்ட்ஸ். 75.6ல நின்னா அதே 3 சதவீதம். ஹம்மும் பேஸும் ஒத்துப்போனா விஷயம் முடிஞ்சது.

திருத்தும்போது சேஞ்ச் பிட்ச் போடாதீங்க. அது கால அளவை அப்படியே வெச்சுட்டு சுதியை மட்டும் இழுக்கும், சத்தம் கரகரக்கும். வேகத்தை மாத்தற சேஞ்ச் ஸ்பீட்தான் வேணும். பெருக்கல் எண் கட்டத்துல 100ஐ 103ஆல வகுத்து வர்ற 0.971 போடுங்க.

ஒரே எண் கேசட் முழுக்கப் பொருந்தும்னு நினைக்காதீங்க. பார்வையாளர்கள் பேட்டரி மெஷின்லதான் பதிவு பண்ணினாங்க. பேட்டரி தீரத் தீர மோட்டார் மெதுவாகும், மெதுவாப் பதிவானதைச் சரியான வேகத்துல ஓட விட்டா சுதி ஏறும். ஆரம்பத்துல 101, கடைசியில 104ன்னு இருந்தா காரணம் இதுதான். ஒவ்வொரு பக்கத்துலயும் மூணு இடத்துல அளங்க. சீரா ஏறினா ஸ்லைடிங் ஸ்ட்ரெட்ச்ல டெம்போ, பிட்ச் ரெண்டுக்கும் ஒரே சதவீதம் கொடுத்து ஆரம்பம், முடிவு ரெண்டையும் இறக்கலாம். கேசட் பக்கம் மாத்தின இடத்துல கணக்கு புதுசா ஆரம்பிக்கும், அந்த வெட்டுல ஃபைலைப் பிரிச்சுக்கறது நல்லது.

அட்டையில, ஃபைல் பேர்ல இருக்கற தேதியையும் நம்பாதீங்க. இவங்களோட அதிகாரபூர்வ 'உம்மகும்மா' ஆல்பத்தோட அட்டையிலேயே பர்மிங்ஹாம், மான்செஸ்டர் பதிவுகளுக்கு 1969 ஜூன்னு போட்டிருந்தாங்க, உண்மையில அவை ஏப்ரல் 27, மே 2. ரெயின்போ 1972ன்னா, பின்னாடி 'டார்க் சைட்' ஆல்பத்துல வந்த 'ஆன் த ரன்' இடத்துல சிந்தசைசர் ஓட்டம் வராது, கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்து வாசிக்கற ஒரு நீண்ட ஜாம்தான் (அப்பவே கற்பனையா வாசிக்கறது) வரும். அதே ஆல்பத்தோட 'த கிரேட் கிக் இன் த ஸ்கை' இடத்துல பெண் குரல் வராது, ஆர்கன் மேல மதப் பேச்சு டேப் ஓடும். உங்க ஃபைல்ல பெண் குரல் அலறினா அது 1973 இல்ல அதுக்கு அப்புறம், பேர் தப்பு.

மூணாவது ஃபைல், அந்த சுதி ஏறினது, நாய்ஸ் ரிடக்‌ஷன் படாம இருந்தா அதையும் தூக்கிப் போட வேண்டாம். வேகத்தைத் திருத்திட்டு இரைச்சல் ஃபைலோட பக்கத்துல வெச்சுக் கேளுங்க. சில சமயம் ரெண்டும் வேற வேற இருக்கையிலேர்ந்து எடுத்த டேப்பா இருக்கும். இவங்க குவாட் (நாலு தடம்) ஒலியில, அரங்கத்தைச் சுத்தி ஸ்பீக்கர் வெச்சு வாசிச்சவங்க, அதனால பின் ஸ்பீக்கருக்குப் பக்கத்துல உக்காந்தவர் டேப்புல எஃபெக்ட்ஸ் பெரிசாவும் டிரம்ஸ் சின்னதாவும் வரும். ரெண்டும் உண்மைதான்.

கடைசியா, இதே வேலையை 1969 ஆம்ஸ்டர்டாம், 1970, 71 பிபிசி, 1974 வெம்ப்லி டேப்புகளுக்குப் பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க. அதெல்லாம் அதிகாரபூர்வமா வந்தாச்சு.