மேசை விதி, திரை விதி

[திரையில்: கோத்தகிரி வீட்டு மேசை. பகடைகள், பென்சில், கேரக்டர் தாள்கள்.]

வணக்கம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கதை சொல்லிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டத்தின் விதிகள் வீடியோ கேமுக்குப் போகும்போது என்ன ஆகின்றன? அதுதான் இன்றைய பேச்சு. எங்கள் ஆட்டத்தில் வந்த ஒரு கட்டத்தைச் சொல்கிறேன். தேயிலைத் தோட்டத்துக் குறுகலான பாதை. காட்டுமாடு ஒன்று வழிவிடாமல் நிற்கிறது. வாளை உருவ வேண்டிய ஆள் கேட்டான்: "அண்ணா, இந்தக் கொழுந்து மூட்டையை அதுக்கு முன்னாடி உருட்டி விட்டா?" கதை நடத்துகிற டன்ஜன் மாஸ்டர் கொஞ்சம் யோசித்தார். "சரி, போடு. 15 வந்தால் ஒதுங்கும்."

இருபது முகப் பகடையில் விழுவதோடு அந்தக் கேரக்டரின் திறமைக்கு 5 போனஸ் கூட்டி, 15-ஐ எட்ட வேண்டும். அதாவது 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு 55 சதவீதம்.

இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் போட்டுவிடும். ஆனால் மூட்டைக்கு 15 என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதை அந்த இடத்தில் ஒரு மனிதர் முடிவு செய்தார். வீடியோ கேமில் அவர் கிடையாது. மூட்டை உருளும் என்று முன்கூட்டியே யாராவது எழுதி வைத்திருந்தால்தான் உருளும்.

[திரையில்: பழைய கேம் பெட்டிகள்.]

இந்த வகை மேசை ஆட்டமான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் வந்தது. அதன் உரிமம் வாங்கி எஸ்எஸ்ஐ நிறுவனம் 1988-ல் வெளியிட்ட 'பூல் ஆஃப் ரேடியன்ஸ்' கம்ப்யூட்டர் கேம், சண்டையை விதிப் புத்தகத்தை ஒட்டி, ஒருவர் பின் ஒருவராக முறை வைத்தே நடத்தியது. பத்து வருடம் கழித்து பயோவேர் நிறுவனம் 'பால்டர்ஸ் கேட்' செய்தபோது, புத்தகத்தில் ஒரு நிமிடமாக இருந்த சண்டைச் சுற்றை ஆறு நொடியாக்கினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் மோதுவார்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் எல்லாம் நிற்கும். திரையில் அது நன்றாகவே ஓடியது.

இப்போது லேரியன் நிறுவனத்தின் 'பால்டர்ஸ் கேட் 3', 2023. எனக்குப் பிடித்த உதாரணம் இதுதான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அப்போதைய விதிப்படி, மருந்து குடித்தால் உங்கள் முறையின் முக்கியச் செயல் போய்விடும். லேரியன் அதைச் சின்னச் செயலாக்கியது. குடித்துவிட்டு அடிக்கவும் செய்யலாம். பல மேசைகளில் ஏற்கெனவே இப்படித்தான் ஆடினார்கள். விதியை எழுத்துக்கு எழுத்து காப்பியடிக்காமல், ஆடுகிறவர்களைக் கவனித்துச் செய்த மாற்றம் இது.

அதே கேமில் ஒரு விதியை விட்டும்விட்டார்கள். மேசையில், "அவன் கதவைத் திறந்ததும் அம்பு விடுவேன்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கலாம். கதவு, மணியோசை, நாய் குரைப்பது என்று எந்த நிபந்தனையும் வைக்கலாம். வாயால் சொல்ல ஒரு வரி போதும். மெனுவில் போடப் போனால் முடிவே கிடையாது. கேரக்டர்களின் வளர்ச்சியை லெவல் 12-உடன் நிறுத்தியதையும் இப்படித்தான் பார்க்கிறேன். புத்தகப்படி 13-ல் நினைத்த ஊருக்குத் தாவுகிற மந்திரம் கைக்கு வரும். அப்புறம் அந்த ஊர்களையெல்லாம் யார் கட்டுவது?

[திரையில்: ஒப்பந்தத் தாள்.]

உரிமம் தனிப் பாடு. 'ஃபால்அவுட்' வீடியோ கேம் முதலில் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனத்தின் 'கர்ப்ஸ்' என்ற மேசை ஆட்ட விதிகளை வைத்துத்தான் உருவானது. வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அந்த உரிமம் கைவிட்டுப் போனது. குழு அவசர அவசரமாக ஏழு குணங்கள் கொண்ட 'ஸ்பெஷல்' என்ற சொந்த விதியை எழுதி, 1997-லேயே கேமை வெளியிட்டது. பின்னால் வந்த முக்கிய ஃபால்அவுட் கேம்களும் அந்த ஏழு குணங்களை விடவில்லை.

இன்று நிலைமை கொஞ்சம் இளகியிருக்கிறது. ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித்தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், யாரும் பயன்படுத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் பால்டர்ஸ் கேட் நகரமும் அதன் ஆட்களும் அதில் சேர்த்தி இல்லை. அதனால் என்ன? தொட்டபெட்டாவும் சோலைக்காடும் நம்மிடம் இருக்கின்றன. குன்னூரிலோ கூடலூரிலோ உட்கார்ந்து கேம் எழுதப் பழகும் தம்பி தங்கைகளே, முதலில் ஒரே ஒரு சண்டையை மேசையில் ஆடிப் பாருங்கள். டன்ஜன் மாஸ்டர் புத்தகத்தைப் பார்க்காமல் முடிவு சொல்லும் ஒவ்வொரு இடத்தையும் குறித்து வையுங்கள். நீங்கள் புரோகிராம் எழுத வேண்டிய பட்டியல் அதுதான்.