உங்கள் பெயரில் சொத்து இருக்கிறதா? உயிலுக்கு நான் தயாராகும் விதம்

வணக்கம் மக்களே. இன்றைக்குச் சமையலும் இல்லை, மாடித்தோட்டமும் இல்லை. மேஜையில் பரப்பி வைத்திருப்பதைப் பாருங்கள்: பத்திரக் கட்டு, பட்டா, பாஸ்புக், எல்ஐசி பாண்டு, ஒரு ரூல்டு நோட்டு. உயில் எழுதத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதீர்கள். உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்று எங்கள் அம்மா இன்னும் நம்புகிறார். அவரைச் சமாதானப்படுத்துவதுதான் இந்த வேலையிலேயே கஷ்டம்.

நிறையப் பெண்கள் என்ன நினைக்கிறோம்? வாரிசு இருக்கிறவர்களுக்குத்தான் உயில், நமக்கு எதற்கு என்று. நேர்மாறாகச் சொல்கிறேன். வாரிசுச் சண்டையே வராது என்று நினைக்கிற பெண்தான் முதலில் எழுத வேண்டும்.

என் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன, பிள்ளைகள் இல்லை. திருச்சியில் இந்த ஃப்ளாட் என் சம்பளத்தில் லோன் போட்டு வாங்கியது. லால்குடி பக்கம் அப்பாவுக்குப் பிறகு என் பங்காக வந்த கொஞ்சம் வயல். நான் உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தால் இது யாருக்கு? "அம்மாவுக்குத்தானே" என்பீர்கள். இல்லை.

இந்துக்களுக்கு 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டம். அதில் ஆணுக்கு ஒரு வழி, பெண்ணுக்கு வேறு வழி. ஆண் உயில் இல்லாமல் இறந்தால் மனைவி, பிள்ளைகள், அம்மா எல்லாருக்கும் சம பங்கு. பெண்ணுக்கு 15ஆம் பிரிவு. முதலில் பிள்ளைகளும் கணவரும். அவர்கள் இல்லாவிட்டால் அடுத்து கணவரின் வாரிசுகள். அந்தப் பக்கம் யாருமே இல்லை என்றால்தான் பெற்ற அம்மா அப்பாவின் முறை வரும். அதாவது என் ஃப்ளாட் மாமியாருக்கு. மாமனார் இப்போது இல்லை, மாமியாரும் இல்லாத காலம் வந்தால் கொழுந்தனாருக்கும் நாத்தனாருக்கும். அவர்கள் தங்கமான மனிதர்கள்தான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் மாதாமாதம் தவணை கட்டினது நான், என்னோடு இருந்து என்னைப் பார்த்துக்கொள்வது அம்மா.

வயல் மட்டும் வேறு. அப்பா அம்மாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்து, பிள்ளைகள் இல்லாத பட்சத்தில், அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும். இங்கே ஒரு நுணுக்கம்: வாரிசாக வந்திருந்தால்தான். அப்பா உயிரோடு இருக்கும்போதே தானப்பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் அது வாரிசாக வந்த கணக்கில் சேராது. "எங்கப்பா எழுதி வைத்தது, எங்கள் வீட்டுக்குத்தான் வரும்" என்று சொல்கிறவர்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

இது கற்பனைக் கணக்கு என்று நினைக்காதீர்கள். 2009இல் உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று இருக்கிறது. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்துவிட்டார். புகுந்த வீட்டில் அந்தப் பெண்ணைத் துரத்திவிட்டார்கள். பிறந்த வீட்டில்தான் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார், பணம் சேர்த்தார். 1996இல் உயில் எழுதாமல் இறந்துபோனார். வங்கிப் பணத்துக்கும் பிஎஃப் பணத்துக்கும் அம்மா மனு போட்டார். கணவருடைய சகோதரியின் மகன்களும் போட்டார்கள். அவர்கள் பக்கம்தான் தீர்ப்பு. மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது என்பதற்காகச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்கிற மாதிரிதான் நீதிமன்றம் சொன்னது. எனக்கு அந்தப் பிரிவு மேல் இன்றும் கோபம்தான். கோபப்பட்டு என்ன செய்ய? ஒரு வெள்ளைத் தாளும் இரண்டு சாட்சியும் இருந்தால் அந்த அம்மாவுக்குப் பணம் கிடைத்திருக்கும்.

ஒரு நிமிஷம், குக்கரை அணைத்துவிட்டு வருகிறேன்.

சரி. இந்த நோட்டில் முதலில் சொத்துப் பட்டியல். ஃப்ளாட்டுக்குப் பத்திர எண், வருடம், எந்தச் சார்பதிவாளர் அலுவலகம். வயலுக்குச் சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, நான்கெல்லை. பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருந்தால் அதை மாற்றுகிற வேலையை இப்போதே தொடங்குங்கள், நமக்குப் பிறகு வருகிறவர்களுக்கு இரட்டை வேலை வைக்க வேண்டாம். பிறகு போஸ்ட் ஆபீஸ் ஆர்டி, எஃப்டி, டிமேட், எல்ஐசி, லாக்கர் எண். அடகில் இருக்கிற நகை, கொடுத்த கைமாற்று, கட்ட வேண்டிய கடன், இவையும் வேண்டும். உயில் வழியாக வீட்டைப் பெறுகிறவர் லோன் பாக்கியையும் சேர்த்துத்தான் பெறுகிறார். நகையை "என் நகைகள்" என்று மொத்தமாக எழுதாதீர்கள். இரட்டை வடச் சங்கிலி யாருக்கு, வளையல் யாருக்கு என்று தெளிவாக இருக்கட்டும். வயலைவிட வளையலுக்குத்தான் குடும்பங்களில் பேச்சு வார்த்தை நின்றுபோகிறது.

"எல்லாவற்றுக்கும் நாமினி போட்டாச்சே" என்பவர்களுக்கு: வங்கியில் நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்குகிறவர், அவ்வளவுதான். சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். பங்குகளுக்கும் இதேதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2025 நவம்பரிலிருந்து வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினி வரை போடலாம், நல்ல வசதி. ஆனாலும் உயிலில் ஒரு பெயர், நாமினியில் வேறு பெயர் என்று இருந்தால் அலைச்சல் நிச்சயம். இரண்டையும் பொருத்தி வைப்பதுதான் இந்த வாரம் என் வேலை.

அடுத்தது யாருக்கு. ஃப்ளாட்டில் அம்மா தன் ஆயுள் வரைக்கும் இருக்கலாம், விற்க முடியாது, அதன்பின் தம்பி மகளுக்கு முழு உரிமை, இதுதான் என் முடிவு. வயல் தம்பிக்கு. எனக்கு முன்பே இவர்களில் ஒருவர் போய்விட்டால் அந்தப் பங்கு யாருக்கு என்பதையும் எழுத வேண்டும். கடைசியாக ஒரு வரி, "இதில் குறிப்பிடாத மற்றும் இனி நான் சேர்க்கும் சொத்துகள்" இன்னாருக்கு என்று. இந்த வரி இல்லாமல் விட்டால், மிச்சம் இருப்பது மறுபடியும் அந்த 15ஆம் பிரிவுக்கே போய்விடும்.

எழுதுவது எளிது. முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத் தாள் போதும். கையாலும் எழுதலாம், டைப்பும் செய்யலாம், தமிழிலேயே எழுதலாம். அடித்துத் திருத்தினால் அந்த இடத்தில் நாமும் சாட்சிகளும் கையெழுத்துப் போட வேண்டும், அதைவிடப் புதிதாகப் பிரதி எடுப்பது நல்லது. வீடியோவில் பேசி வைத்தால் உயில் ஆகாது, நான் இங்கே பேசுவதும் ஆகாது!

சாட்சி விஷயத்தில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். குறைந்தது இரண்டு பேர். நாம் கையெழுத்துப் போடுவதை அவர்கள் பார்க்க வேண்டும், நம் முன்னால் அவர்கள் போட வேண்டும். உயிலால் சொத்து பெறப் போகிறவரை சாட்சியாக வைக்காதீர்கள், வழக்கு வந்தால் முதல் கேள்வி அங்கேதான் விழும். இன்னொன்று: பின்னால் கோர்ட்டில் உயிலை நிரூபிக்க சாட்சிகளில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும். மரியாதைக்காக எண்பது வயதுப் பெரியவரைக் கூப்பிடுவது நம் ஊர் பழக்கம், இதில் அது வேண்டாம். நம்மைவிட இளையவர், ஊரிலேயே இருப்பவர், விலாசம் தெரிந்தவர். நான் எங்கள் குடியிருப்பில் இருக்கும் டாக்டரையும் என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒருத்தியையும் கேட்டிருக்கிறேன். டாக்டர் என்றால், நல்ல நினைவோடு எழுதினார் என்று சொல்ல இன்னும் வசதி.

பதிவு கட்டாயமில்லை. ஆனால் செய்யப் போகிறேன். பதிவு செய்த உயிலின் நகலை நாம் இருக்கும்வரை நாமோ நம் ஏஜென்டோ தவிர யாரும் வாங்க முடியாது, அதனால் ரகசியம் வெளியே போகாது. பதிந்துவிட்டால் மாற்ற முடியாது என்று பயப்படுகிறார்கள். மாற்றலாம், எத்தனை முறை வேண்டுமானாலும். கடைசியாக எழுதியதுதான் நிற்கும்.

சில பேர் "உயில் எதற்கு, இப்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிடு" என்று யோசனை சொல்வார்கள். எழுதிக் கொடுத்த அன்றே வீடு நம்முடையது இல்லை. கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்து, பிறகு கைவிட்டால் 2007ஆம் வருட மூத்த குடிமக்கள் சட்டத்தில் ரத்து கேட்கலாம்தான். ஆனால் எழுபது வயதில் வருவாய்க் கோட்டாட்சியர் ஆபீஸ் படி ஏற வேண்டும். இருக்கும்வரை சாவி நம் கையில் இருக்கட்டும்.

நான் சொன்னது இந்துக் குடும்பக் கணக்கு. முஸ்லிம்களுக்குப் பொதுவாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத வாரிசுகளின் சம்மதம் வேண்டும். கிறிஸ்தவர்களுக்குக் கல்யாணத்துக்கு முன் எழுதிய உயில் கல்யாணம் ஆனதும் செல்லாமல் போய்விடும், திரும்ப எழுத வேண்டும். உங்கள் வக்கீலிடம் நோட்டோடு போங்கள், பேச்சு சீக்கிரம் முடியும்.

நான் நாளைக்கு வில்லங்கச் சான்று எடுக்க வேண்டும், அப்புறம் லால்குடி போய் நான்கெல்லையைச் சரிபார்க்க வேண்டும். தம்பியிடம் மட்டும் உயில் எந்த பீரோவில் இருக்கும் என்று சொல்லிவிடுவேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் கேட்கத்தான் போகிறான், சொல்லமாட்டேன். அவன் இந்தச் சேனல் பார்ப்பதில்லை, நீங்களும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த வாரம் மாடித்தோட்டம், வரட்டுமா.