வேலூர் வெயிலில் நுரைக்கும் இஞ்சிப் பானம்: மணியைப் பார்க்காதீர்கள், மாவைப் பாருங்கள்

[காட்சி: சமையல் மேடை. இட்லி மாவுப் பாத்திரமும் இஞ்சி போட்ட கண்ணாடி ஜாடியும் பக்கத்தில் பக்கத்தில்.]

வணக்கம். காட்பாடியில் என் சமையலறையிலிருந்து பேசுகிறேன். இந்த இரண்டு பாத்திரங்களிலும் நடப்பது ஒரே வேலைதான். இதில் இட்லி மாவு, அதில் இஞ்சியும் சர்க்கரையும் தண்ணீரும். இரண்டிலும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் உண்டு செழித்து வாயுவை விடுகின்றன. மாவு பொங்குகிறது, இஞ்சித் தண்ணீர் நுரைக்கிறது.

சித்திரை பிறந்துவிட்டால் நம் ஊரில் மாவு என்ன பாடுபடுத்தும் என்று உங்களுக்கே தெரியும். இரவு கரைத்து மூடினால், விடிவதற்குள் வழிந்து மேடையெல்லாம் ஓடியிருக்கும். இஞ்சிப் பானம் செய்யும்போது இதை நான் மறந்துவிட்டேன். அதனால்தான் இந்த வீடியோ.

[காட்சி: ஈஸ்ட் பொட்டலம், வடிதுணி, ஒற்றைக் கண்ணாடிக் குப்பி.]

வீட்டில் நுரைபானம் தயாரிக்கும் கிட் ஒன்றை வாங்கியிருந்தேன். கூடவே வந்த செய்முறைத் தாளில் 20 டிகிரி வெப்பத்தில் ஐந்து நாள் வைக்கச் சொல்லியிருந்தது. வேலூரில் 20 டிகிரி என்பது மார்கழி விடியற்காலை. அக்னி நட்சத்திரத்தில் பகல் 40 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. நான் தாளை நம்பி இரண்டு குப்பிகளை அலமாரியில் வைத்தேன். மூன்றாம் நாள் மதியம் ஒன்று வெடித்தது. அத்தை அப்போதுதான் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால், திறந்திருந்த அரிசி டப்பாவுக்குள் அரிசியோடு அரிசியாகக் கண்ணாடித் தூள். அவ்வளவு அரிசியையும் கொட்டினோம். அத்தை அந்த இடத்தில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆகவே முதல் விதி: பானத்தை அடைத்து மூடக் கண்ணாடிக் குப்பி வேண்டாம். கடையில் வாங்கிய சோடா அல்லது குளிர்பானத்தின் பிளாஸ்டிக் பாட்டில் போதும். அது வாயு அழுத்தத்தைத் தாங்குவதற்கென்றே செய்யப்பட்டது. தண்ணீர் பாட்டில் அதற்கு ஈடாகாது.

இந்த நுரைக்கு ஒரு பழைய கதை உண்டு. 1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற அறிவியலாளர், பீர் ஆலையில் நொதித்துக்கொண்டிருந்த தொட்டியின்மேல் தண்ணீர்ப் பாத்திரத்தைப் பிடித்துப் பார்த்தார். மேலே எழுந்த வாயு தண்ணீரில் கரைந்து இதமான புளிப்பைத் தந்தது. சோடாவின் பிறப்பு அங்கேதான். நம் கோலி சோடாக் குப்பியை ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் வடிவமைத்தது அதற்கு நூறாண்டு கழித்து, 1870-களில்.

சிலர் கேட்கிறீர்கள்: வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் ஸ்பார்க்ளிங் ஏல் (நுரைக்கும் ஒருவகை பீர்) கிட் வாங்கி வீட்டிலேயே செய்கிறார்களே, நாமும் செய்யலாமா? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் தாமஸ் கூப்பர் 1862-இல் தொடங்கிய ஆலையின் ஸ்பார்க்ளிங் ஏலில், குப்பிக்குள்ளேயே ஈஸ்ட் வாயுவை உண்டாக்குகிறது. அடியில் வண்டல் தங்கும். வீட்டுக் கிட்டிலும் அதே முறைதான். நொதித்து முடிந்த ஏலைக் குப்பியில் அடைக்கும்போது லிட்டருக்குச் சுமார் 8 கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள். அந்தச் சர்க்கரைதான் நுரையாகிறது. அங்கே அதற்கு அனுமதி உண்டு. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். அந்தச் சட்டம் முதலில் சேலத்தில் வந்தது. 1939-இல் நம் வடஆற்காட்டுக்கும் நீட்டிக்கப்பட்டது. ஆகவே நாம் அந்தப் பக்கம் போக வேண்டாம். அதே நுட்பத்தை இஞ்சியில், இளம் நுரையோடு நிறுத்திக்கொள்வோம்.

ஏன் நிறுத்த வேண்டும்? ஈஸ்ட் ஒரு கிராம் சர்க்கரையைத் தின்றால் ஏறத்தாழ பாதி வாயுவாகவும் பாதி ஆல்கஹாலாகவும் மாறும். நுரை கூடக்கூட ஆல்கஹாலும் கூடும். மெல்லிய நுரையில் நிறுத்தினால் அது மிகச் சொற்பம், ஆனால் பூஜ்யம் ஆகாது. குழந்தைகளுக்கும், துளியும் கூடாது என்பவர்களுக்கும் இஞ்சிப் பாகைக் கடைச் சோடாவில் கலந்து கொடுங்கள். சுவையில் குறையொன்றும் இல்லை.

[காட்சி: தோலோடு துருவப்படும் இஞ்சி.]

இப்போது உறை. பாலுக்கு உறை போல இதற்கும் ஓர் உறை வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், தோலோடு துருவிய இஞ்சி ஒரு ஸ்பூன், சர்க்கரை ஒரு ஸ்பூன். துணியால் மூடி, தினமும் இஞ்சியும் சர்க்கரையும் ஒவ்வொரு ஸ்பூன் சேர்த்துக் கிளறுங்கள். கோடையில் மூன்றாம் நாளே குமிழ் விடும். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். அதிலுள்ள குளோரின் உறையைக் கெடுக்கும்.

"சுக்குக்குப் புறநஞ்சு" என்று சொல்லி, தோலைச் சீவாமல் போடுவதை அத்தை ஒப்புக்கொள்ளவே இல்லை. இயற்கையான ஈஸ்ட் அந்தத் தோலில்தான் ஒட்டியிருக்கிறது. மனம் ஒப்பவில்லை என்றால் உறையை விட்டுவிடுங்கள். தோல் சீவிய இஞ்சியோடு கிட்டில் வரும் ஈஸ்ட் ஒரு சிட்டிகை போதும். ஆனால் உறையில் ஈஸ்டோடு புளிப்புத் தரும் பாக்டீரியாவும் வளர்கிறது. அந்தப் புளிப்பு பொட்டலத்தில் கிடைக்காது. நான் உறையின் கட்சி.

பானத்துக்கு நேதாஜி மார்க்கெட்டில் முற்றிய, நார் ஓடிய இஞ்சியாகப் பார்த்து வாங்குங்கள். இளம் இஞ்சியில் காரம் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் இஞ்சித் துருவல், 80 கிராம் சர்க்கரை போட்டுப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். பாதிச் சர்க்கரைக்குப் பதில் சித்தூர் வெல்லம் போட்டால் நிறமும் மணமும் தனி. நன்றாக ஆறட்டும். சூட்டில் உறையை ஊற்றினால் ஈஸ்ட் செத்துவிடும். பிறகு ஒரு எலுமிச்சையைப் பிழிந்து, வடிகட்டிய உறை அரை டம்ளர் சேர்த்து, கழுத்தில் மூன்று விரல் இடம் விட்டுப் பாட்டிலை இறுக மூடுங்கள்.

[காட்சி: பாட்டிலை அமுக்கும் விரல்கள், நெருக்கத்தில்.]

இனி மாவுதான் கடிகாரம். பாட்டிலையும் அன்று அரைத்த மாவையும் ஒரே இடத்தில் வையுங்கள். மாவு இரட்டிப்பாகப் பொங்கியதும் பாட்டிலை மணிக்கொரு முறை அமுக்கிப் பாருங்கள். தக்காளி போலக் குழைந்தால் இன்னும் ஆகவில்லை. செங்காய்க் கொய்யா போல, அமுக்கினால் சற்றே கொடுத்துத் திரும்பினால், உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். கல்லாக இறுகும்வரை காத்திருக்க வேண்டாம். என் வீட்டில் வைகாசியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், மார்கழியில் இரண்டு நாள்.

ஃபிரிட்ஜில் ஓர் இரவு முழுக்க இருக்கட்டும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 0.9 லிட்டர் கரியமில வாயுவைத்தான் கரைத்து வைத்துக்கொள்ளும். உறையும் குளிரில் அது 1.7 லிட்டர் ஆகிறது. சூடாகத் திறந்தால் பாதி உங்கள் சட்டையில்தான் இருக்கும். ஃபிரிட்ஜிலும் நொதிப்பு மெதுவாக நடக்கும் என்பதால் மூன்று நாளுக்குள் குடித்துவிடுங்கள்.

[காட்சி: மூடி மெல்லத் திருகப்படுகிறது. சீறல். டம்ளரில் வெளிர்மஞ்சள் பானம், ஓரத்தில் ஊசிமுனைக் குமிழ்கள். அத்தை முதல் மடக்கைக் குடிக்கிறார்.]

"காரம் தொண்டையில் நிற்கிறது. அடுத்த தடவை எலுமிச்சை இன்னும் அரை மூடி கூட வேண்டும்" என்கிறார் அத்தை. உங்கள் அளவில் அரை மூடி கூட்டிக்கொள்ளுங்கள்.