கோயில் உச்சியில் இருக்கும் தூபி

(எங்கள் ஊர் வாசிகசாலையில் பேசியது. கேட்டவர்கள் சிலர் எழுத்தில் தரச் சொன்னார்கள். பேசின மாதிரியே எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். முன் வாங்கில் முழுக்கப் பிள்ளைகள் இருக்கிறீர்கள், அதனால் ஆண்டுக் கணக்குகளைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஒரு கல்லைப் பற்றிக் கதைப்போம்.

சில வருசங்களுக்கு முன் ஊரில் இருந்து ஒரு பஸ் பிடித்து அனுராதபுரம் போனோம். இரத்தினப் பிரசாதம் என்று ஒரு பழைய மடத்தின் இடிபாடு அங்கே இருக்கிறது, அதன் படிக்கட்டு அடியில் ஒரு காவற்கல். வாசலைக் காப்பதற்காக நட்டுவைக்கிற கல் அது. அதில் ஒரு நாகராசன், தலைக்குப் பின்னால் பல தலைப் படம் விரித்தபடி, இடுப்பைக் கொஞ்சம் ஒசித்து நிற்கிறான். ஒரு கையில் பூத்த கொம்பு, மற்றக் கையில் பூ நிரம்பி வழிகிற குடம். மேலே மகர தோரணம். எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டோம். எங்களோடு வந்த ஒரு அம்மம்மா மட்டும் அந்த இடத்தை விட்டு வரவில்லை. கிட்டப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, “பிள்ளை, உது எங்கட நிறைகுடமெல்லோ!” என்றா.

அந்த ஒரு வசனத்தில்தான் எனக்குக் கண் திறந்தது. கலியாண வீட்டு வாசலில் தலைவாழையிலை போட்டு, நெல்லுப் பரப்பி, குடத்தில் நீர் நிரப்பி, மாவிலை செருகி, தேங்காய் வைக்கிறோமே, அதே குடம். சிங்களவர் அதையே புன்கலச என்று சொல்லித் தென்னம்பாளை வைப்பார்கள். வெறும் குடம் மட்டும் செதுக்கிய காவற்கற்களும் அனுராதபுரத்தில் உண்டு. நாகராசன் கையில் அதைக் கொடுத்தது வளர்ச்சியின் பின்னாளைய படி. நீர் நிரம்பிய குடம், பாம்பு, மரம், தாமரை: இவை பௌத்தமும் சைவமும் உருப்பெறுவதற்கு முன்பே இந்த நிலத்து மக்கள் கும்பிட்டவை, இரண்டு சமயமும் அவற்றை வாசலில் வைத்து உள்ளே அழைத்துக்கொண்டன. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் குடும்பத்தில் வந்த ஆனந்த குமாரசுவாமி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தது இந்த வேரைத்தான். புத்தர் உருவம் கிரேக்கச் சிற்பத்தைப் பார்த்து வந்தது என்று மேல்நாட்டு அறிஞர்கள் சொன்னபோது, இல்லை, வட இந்தியாவின் மதுராவில் முன்பே இருந்த யட்சர் என்ற காவல் தெய்வங்களின் சிலைகளைப் பாருங்கள், அதில் இருந்து வளர்ந்தது என்று 1927இல் எழுதி வாதிட்டார்.

சரி, இப்ப எங்கள் கோயிலுக்கு வருவோம். கும்பாபிஷேகம் அன்று எல்லோரும் கழுத்து நோக மேலே பார்த்துக்கொண்டு நிற்போம், குருக்கள் கும்பத்து நீரை எங்கே ஊற்றுகிறார்? விமானத்தின் உச்சியில் இருக்கும் கலசத்தில். அதற்குப் பெயர் என்ன? ஸ்தூபி. ஊர் வழக்கில் தூபி. புத்த தாதுவை வைத்துக் கட்டுகிற மேட்டுக்கும் தூபி என்றுதான் சொல்கிறோம். ஸ்தூப என்ற வடசொல்லுக்குக் குவியல் என்றும் பொருள், உச்சிக்குடுமி என்றும் பொருள். சிற்பநூல் விமானத்தை ஆறு உறுப்பாகப் பிரிக்கும்: அதிட்டானம், பாதம், பிரஸ்தரம், கிரீவம், சிகரம், ஸ்தூபி. நிற்கிற ஒரு ஆளை நினைத்துக்கொண்டு கீழே இருந்து மேலே பாருங்கள், பாதம், கழுத்து, தலை, குடுமி என்று வரும்.

அப்புறம் கோபுரம். நல்லூரில் நின்று அதன் உச்சியைப் பக்கவாட்டில் பாருங்கள். வண்டிக் கூடாரத்தைக் கவிழ்த்த மாதிரி நீளமாக வளைந்திருக்கும், இரண்டு முனையிலும் குதிரைலாடம் போல ஒரு வளைவு, அதில் ஒரு யாளி முகம். அந்த லாடத்தைச் சின்னதாக்கி விமானத்தின் கொடுங்கையில், அதாவது வளைந்து வெளியே நீட்டிய விளிம்பில், வரிசையாக வைத்தால் அதற்குப் பெயர் கூடு. இது எங்கே இருந்து வந்தது? மூங்கிலையும் மரத்தையும் வளைத்து மேலே வேய்ந்த பழைய மண்டபங்களின் முகப்பில் இருந்து. மகாராட்டிரத்தில் கார்லே, பாஜா என்ற இடங்களில் மலையைக் குடைந்து செய்த பௌத்த சைத்தியங்கள், அதாவது கும்பிடுகிற மண்டபங்கள், இருக்கின்றன, இரண்டாயிரம் வருசப் பழமை. கல்லைக் குடைந்த கூரைக்கு மரச்சட்டம் தேவையே இல்லை. ஆனாலும் வளைந்த மரச்சட்டங்களைக் கூரையின் அடியில் பொருத்தியிருக்கிறார்கள், அவை இன்னமும் இருக்கின்றன. தாங்குவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் மரம் ஏன்? தச்சன் கை பழகிய வீட்டை விட மனம் வரவில்லை. சைத்தியத்தின் முகப்பில் அந்தப் பெரிய லாட வளைவு, மாமல்லபுரத்து ரதங்களில் கூடு, எங்கள் கோபுரத்தில் யாளி முகம். எனக்கு இந்த வழியை நினைக்க நினைக்க ஆறாது.

இலங்கைக்குள்ளேயே மாத்தளைப் பக்கம் நாலந்தா கெடிகே இருக்கிறது. பௌத்தக் கட்டடம், கட்டியிருக்கும் முறை பல்லவர் கோயில் முறை. நீர்த்தேக்கம் கட்டியபோது தண்ணீரில் போகாமல் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்பக் கட்டினார்கள். திருகோணமலையில் வெல்கம் விகாரைக்குச் சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர், தமிழில் கல்வெட்டுகள் இருக்கின்றன, தமிழர் அந்த விகாரைக்குத் தானம் கொடுத்த செய்தி. பள்ளி என்ற சொல்லைக் கவனியுங்கள் பிள்ளைகள்! பௌத்தத் துறவிகளும் சமணத் துறவிகளும் இருந்த இடத்துக்கு அந்தக் காலத்தில் அதுதான் பெயர், நீங்கள் நாளைக்குப் போகிற பள்ளிக்கூடத்தில் அது ஒட்டிக்கொண்டு இருக்கிறது.

நயினாதீவுக்குக் குறிகட்டுவானில் படகு ஏறாதவர் இங்கே இருக்கமாட்டீர்கள். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு அடுத்த படகில் திரும்பிவிடுகிறோம். மணிமேகலையில் வரும் மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று கனபேர் கொள்கிறார்கள். இரண்டு நாக அரசர் சண்டைபிடித்த புத்த பீடிகை அங்கே, அமுதசுரபி கிடைத்த கோமுகிப் பொய்கை அங்கே. தமிழில் இருக்கிற ஒரு பெருங்காப்பியம் முழுக்கப் பௌத்தம் பேசுகிறது, அதை நாங்கள் பரீட்சைக்குப் படித்து மறந்துவிடுகிறோம்.

கேள்வி நேரத்தில் ஒரு தம்பி எழும்பி, “கந்தரோடை ஆருடையது?” என்று கேட்டான். எங்கள் யாழ்ப்பாணத்தில் பழைய புத்தத் தூபிகள் கூட்டமாக நிற்கிற இடம் அது. சபை அமைதியாகிவிட்டது. ஏன் அமைதியானது என்று எனக்குத் தெரியும். எங்கள் மண்ணில் பௌத்தம் இருந்தது என்று கதைத்தால் காணி போகும் என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது, அந்தப் பயம் சும்மா வந்ததும் இல்லை. ஆனால் பயத்தில் நாங்கள் பார்க்காமலே விட்ட இடம் அது, எனக்கு அதுதான் வருத்தம். தம்பிக்கு நான் சொன்னது இதுதான்: அங்கே கும்பிட்டவர்கள் பௌத்தர்கள். 1970இல் அங்கே கிண்டியபோது கறுப்பு சிவப்பு மட்கலங்கள் கிடைத்தன, புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் கிடைத்த மாதிரியான வரிவரியாகக் கோடு போட்ட நேர்த்தியான மட்கலங்களும் கிடைத்தன. கடலுக்கு இரண்டு பக்கமும் போய்வந்த சனம். தமிழருக்குள் பௌத்தர் இருந்தார்கள் என்பதை நாங்கள் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை.

அந்தத் தூபிகளை வடிவாகப் பார்த்திருக்கிறீர்களா? பனைகளுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று நெருக்கமாக, சின்னச் சின்னதாக. கட்டியது எங்கள் முருகைக்கல்லால். இப்ப நிற்பவற்றில் பெரும்பகுதி திருத்திக் கட்டியது, ஆனால் கல்லில் கிட்டப் போய்ப் பார்த்தால் கடலில் வளர்ந்த பூச்சியின் கண்கள் அப்படியே தெரியும், எங்கள் பழைய வீட்டு மதிலிலும் கிணற்றுக் கட்டிலும் தெரிகிற அதே கண்கள்.

வாற ஞாயிறு காலை ஏழு மணிக்கு வாசிகசாலை வாசலில் இருந்து சைக்கிளில் புறப்படுகிறோம். வெயில் ஏற முதல் கந்தரோடை, திரும்பி வரும்போது எங்கள் கோயில் விமானம். கொப்பியும் பென்சிலும் கொண்டு வாருங்கள், போனில் படம் எடுப்பது பிறகு. முதலில் ஒரு தூபியையாவது கையால் கீறுங்கள்.